பாட்டிலைக் கழுவினீங்க... மூடியை?

ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரம் போகிற சாலையோரம், கோடை வந்தால் பதநீர் விற்பனை களைகட்டும். அங்கேயே பனையோலைப் பட்டையில் வாங்கி, நுங்கு போட்டுக் குடிப்பவர்களுக்கு ஒரு பிரச்னையும் இல்லை. 'வீட்டுல இருக்கிறவங்களுக்கும் கொஞ்சம் ஊத்துங்கண்ணே' என்று காலி தண்ணீர் பாட்டிலை நீட்டுகிறவர்களுக்குத்தான் சிக்கல். ஊர் போய்ச் சேர்வதற்குள் பாட்டில் உப்பியிருக்கும். திறந்தால் 'புஸ்'ஸென்று நுரை பொங்கும். வாயில் வைத்தால் புளிப்பு!

'சுண்ணாம்பு சரியாப் போடல, ஏமாத்திட்டார்' என்று பழி பனையேறி மேல் விழும். ஆனால், கோளாறு நம் கையிலிருந்த பாட்டிலின் மூடியிலும் இருக்கலாம்.

கலயம் சொல்லும் பாடம்

பனம்பாளையிலிருந்து சொட்டும் சாற்றில் சர்க்கரை அதிகம். காற்றிலும் பாளையிலும் இருக்கும் ஈஸ்ட் நுண்ணுயிர்கள் சாறு இறங்கும்போதே வேலையைத் தொடங்கிவிடும். சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலையும் கரியமில வாயுவையும் வெளியிடும். அதைத் தடுக்கத்தான் பனையேறிகள் கலயத்தைக் கழுவி, உள்ளே சுண்ணாம்பு தடவிக் கட்டுகிறார்கள். சுண்ணாம்பின் காரத்தன்மையில் ஈஸ்ட் அடங்கிக் கிடக்கும். சுண்ணாம்பு இல்லாமல் இறக்கினால் அது கள். பீர் அளவுக்குப் போதை தரக்கூடியது. தமிழ்நாட்டில் அதற்குத் தடையும் இருக்கிறது.

கலயத்தில் பழைய வண்டல் கொஞ்சம் ஒட்டியிருந்தாலும் போதும், புதுச் சாறு சீக்கிரம் புளித்துவிடும். பாலுக்கு உறைமோர் எப்படியோ, பதநீருக்கு அந்த வண்டல் அப்படி. நம் பாட்டிலில் அந்த 'உறைமோர்' ஒளிந்திருக்கும் இடம் மூடி. திருகு மூடியின் மரைகளிலும், உள்ளே இருக்கும் ரப்பர் வளையத்தின் அடியிலும் போன முறை ஊற்றி வைத்த ஜூஸோ மோரோ காய்ந்து கிடக்கும். பாட்டிலைக் குலுக்கிக் கழுவுகிற நாம், மூடியைக் குழாயில் ஒரு முறை காட்டிவிட்டு மாட்டிவிடுகிறோம்.

பீர்காரர்களின் கவலை

வீட்டிலேயே பீர் தயாரிக்கச் சட்டம் அனுமதிக்கும் வெளிநாடுகளில், அதைப் பாட்டிலில் அடைப்பவர்களுக்கும் இதே கவலைதான். மூடியைக் கிருமிநாசினிக் கரைசலில் நனைத்த பிறகே அடைக்கிறார்கள். சோடா, கலர் பாட்டில்களில் பார்க்கும் பல் வைத்த தகர மூடியை 1892-ல் அமெரிக்காவின் வில்லியம் பெயின்டர் காப்புரிமை பெற்றபோது, ஒரு முறை பயன்படுத்தித் தூக்கி எறிவதற்காகவே வடிவமைத்தார். ஓப்பனர் பட்டதும் தகரம் வளைந்துவிடும். தட்டி நிமிர்த்தினாலும் பழைய இறுக்கம் வராது. அதிலும் கடலோர உப்புக்காற்றில் தகரம் சீக்கிரம் துருப்பிடிக்கும். துருவேறிய மூடியை எதற்கும் பயன்படுத்த வேண்டாம்.

மூடியைச் சுத்தம் செய்ய...

* திருகு மூடியின் ரப்பர் வளையத்தைக் கழற்றி, மரைகளைப் பழைய டூத் பிரஷ்ஷால் சோப்பு போட்டுத் தேயுங்கள். அழுக்கு போகாமல் கொதிக்க வைத்துப் பயனில்லை.

* கண்ணாடி பாட்டிலின் உலோக மூடியையும் வளையத்தையும் கொதிக்கும் நீரில் 10 நிமிடம் போட்டு எடுங்கள். துணியால் துடைக்காமல், சுத்தமான தட்டில் கவிழ்த்து உலர விடுங்கள்.

* கிணற்று நீர் உப்பாக இருக்கும் ஊர்களில் சோப்பு சரியாக நுரைக்காது. உப்பு வெள்ளையாகப் படியும். கடைசி அலசலுக்குக் காய்ச்சி ஆறிய குடிநீர் நல்லது.

* கடையில் வாங்கிய தண்ணீர், கூல்டிரிங்க் பிளாஸ்டிக் பாட்டில்கள் கொதிநீரைத் தாங்காமல் சுருங்கிவிடும். வெந்நீரில் சுத்தம் செய்ய முடியாத அவற்றைப் பதநீருக்குத் தவிர்ப்பது நல்லது.

* மூடியைச் சோதிக்க, பாட்டிலில் தண்ணீர் நிரப்பிக் கவிழ்த்து வையுங்கள். ஒரு சொட்டு கசிந்தாலும் வளையத்தை மாற்றுங்கள்.

இறுக்கினாலும் ஆபத்து

மூடி எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் பதநீரில் ஈஸ்ட் இருக்கும். அதனால் கண்ணாடி பாட்டிலில் விளிம்புவரை ஊற்றி இறுக மூடாதீர்கள். வாயு போக வழியில்லாவிட்டால் பாட்டில் வெடிக்கலாம். கால் பங்கு இடம் விட்டு, மூடியைத் தளர்வாக வையுங்கள். ஃப்ரிட்ஜில் வைத்தாலும் புளிப்பது மெதுவாகும், நிற்காது. வாங்கிய அன்றே குடித்துவிடுங்கள். உப்பிய பிளாஸ்டிக் பாட்டிலை முகத்துக்கு நேரே திறக்க வேண்டாம். குளிர வைத்து, மேலே துணி போர்த்தி, மெல்லத் திருகுங்கள். புளித்துப் பொங்கியதைக் குழந்தைகளுக்குக் கொடுக்கவே கூடாது.

பனையேறி விடியும் முன் மரமேறி இறக்கிய உழைப்பு அது. மூடியில் கிடந்த அழுக்கால் அவர் பெயர் கெடக் கூடாது. அடுத்த முறை ராமேஸ்வரம் போகும்போது நன்றாகக் கழுவிய பாட்டில் ஒன்று பையில் இருக்கட்டும். மறந்துவிட்டால், வண்டியை ஓரங்கட்டி பட்டையிலேயே குடித்துவிடுங்கள். பட்டையைக் கழுவவும் வேண்டாம். அதற்கு மூடியும் இல்லை!