ஊட்டும் கையும் உண்ணும் வாயும்

"குழந்தை சாப்பிடவே மாட்டேன் என்கிறது" என்னும் முறையீடு எழாத வீடு நம் சங்கத்து இளங்குடும்பங்களில் அரிது. ஊரில் இருந்தால் பாட்டி ஒருவேளை, அத்தை ஒருவேளை, அண்டை வீட்டார் ஒருவேளை என்று பலர் கை மாறிக் குழந்தையின் வயிறு நிறைந்துவிடும். பிழைப்பின் பொருட்டு ஐதராபாத்துக்கும் சிகந்தராபாத்துக்கும் குடிவந்த நமக்கு அவ்வசதி இல்லை. கணவர் பணிக்குச் சென்றபின் சாத்திய கதவுக்குள் தாயும் குழந்தையும் ஒரு கிண்ணமுமே எஞ்சுகின்றனர். மாலையில் தொலைபேசியில் முகம் பார்க்கும் ஊர்ப் பெரியவர்களோ, "குழந்தை இளைத்துப் போயிற்றே" என்று சொல்லிவிடுகின்றனர். அச்சொல் தாயின் நெஞ்சில் தைக்கிறது. மறுநாள் ஊட்டும்போது அவள் கை சற்றுக் கடுமையாகிறது. குழந்தையின் உணவுப் பழக்கம் கெடத் தொடங்கும் இடம் பெரும்பாலும் இதுவே. ஆதலின் இத்திங்கள் இப்பொருளை எடுத்துக்கொண்டோம்.

இதற்கு அறிவுரை தேடி நாம் வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. தார்நாக்காவில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் வாயிலை நம்மில் பலர் நாள்தோறும் கடந்து செல்கிறோம். அந்நிறுவனமும் நம்மைப் போலவே தமிழகத்திலிருந்து குடிபெயர்ந்து வந்தது என்பதைச் சிலரே அறிவர். 1918ஆம் ஆண்டில் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தின் ஓர் அறையில், ராபர்ட் மக்காரிசன் என்னும் மருத்துவர் பெரிபெரி நோயை ஆராயத் தொடங்கினார். அதுவே இதன் வித்து. 1958இல் அவ்வாராய்ச்சிக்கூடம் ஐதராபாத்துக்கு மாற்றப்பட்டது. 1969இல் இன்றைய பெயரைப் பெற்றது. அதன் இயக்குநராக விளங்கிய டாக்டர் சி. கோபாலன், அக்கூடம் தோன்றிய அதே 1918இல் சேலத்தில் பிறந்தவர். நூறாண்டு நிறைந்த பின் 2019இல் மறைந்தார்.

நம் நாட்டுச் சிறுவர்களின் குறை புரதம் என்னும் ஒரு சத்தில் மட்டும் இல்லை. அவர்கள் உண்ணும் உணவின் மொத்த அளவே போதவில்லை. வழக்கமான வீட்டு உணவைப் போதிய அளவு உண்டால் புரதமும் உடன் கிடைத்துவிடும் என்று கோபாலனும் அவருடன் உழைத்தோரும் எடுத்துக்காட்டினர். விலை மிகுந்த டப்பா மாவுகளை வாங்க இயலவில்லையே என்று ஏங்கும் பெற்றோருக்கு இதனினும் நல்ல ஆறுதல் வேறில்லை.

அவ்வீட்டு உணவை எப்போது, எவ்வாறு கொடுப்பது? ஆறு மாதம் நிறையும் வரை தாய்ப்பால் ஒன்றே போதும், தண்ணீரும் வேண்டுவதில்லை. அதன்பின் தாய்ப்பாலை நிறுத்தாமலே உணவைத் தொடங்க வேண்டும். இரண்டு ஆண்டு வரையிலும், அதற்கு மேலும்கூடத் தாய்ப்பால் தரலாம். ஆறு முதல் எட்டு மாதம் வரை நாளொன்றுக்கு 2 அல்லது 3 வேளையும், ஒன்பதாம் மாதம் முதல் 3 அல்லது 4 வேளையும் உணவு தரலாம். முதலில் நன்கு மசித்தது, எட்டாம் மாதம் அளவில் சிறு கட்டிகள் உள்ளது, ஓராண்டு நிறையும்போது வீட்டார் உண்ணும் உணவே காரமின்றி என்று படிப்படியாக மாற்றிக்கொண்டு செல்ல வேண்டும்.

இங்கே பலர் வீட்டில் நிகழும் ஒன்றைக் குறிப்பிட வேண்டும். பருப்பை வேகவைத்து, தெளிந்த நீரை மட்டும் குழந்தைக்குக் கொடுத்து, பருப்பைப் பெரியவர்கள் உண்பது வழக்கமாகிவிட்டது. எட்டு மாதக் குழந்தையின் வயிறு ஒருவேளைக்கு ஏறத்தாழ 200 முதல் 250 மில்லிலிட்டர் அளவே கொள்ளும். அச்சிறு இடத்தைத் தண்ணீரால் நிரப்பினால் வயிறு நிறையும், உடல் நிறையாது. கரண்டியிலிருந்து ஒழுகி ஓடாத அளவு கெட்டியான பருப்புச் சோறு, ஒரு துளி நெய்யோ எண்ணெயோ சேர்த்து மசித்தது, அதனினும் பன்மடங்கு நலம் தரும். நம் பாட்டிமார் கேழ்வரகை முளைகட்டி, உலர்த்தி, வறுத்து அரைத்ததன் பொருளும் இதுவே. முளைக்கும் தானியத்தில் உண்டாகும் ஒருவகை நொதிப்பொருள் மாவுச்சத்தைச் சிதைத்துக் கஞ்சியை இளக்குகிறது. ஆதலின் அதே கிண்ணத்தில் மிகுதியான மாவைக் கரைத்தும் குழந்தை எளிதில் விழுங்கக்கூடிய கஞ்சி கிடைக்கிறது.

வேண்டிய பொருள்கள் யாவும் இவ்வூர்ச் சந்தையிலேயே உள்ளன, பெயர்தான் வேறு. கேழ்வரகை இங்கே ராகுலு என்பர். நம் தண்டுக்கீரை தோட்டகூர எனப்படும். முருங்கைக்கீரை முனகாகு ஆகும். முட்டையும் மீனும் உண்ணும் குடும்பத்தார் அவற்றையும் குழந்தைக்கு நன்கு வேகவைத்து மசித்துத் தரலாம். சைவ உணவினர் பருப்பும் கீரையும் தயிரும் தருவதோடு, கீரைச் சோற்றில் சில துளி எலுமிச்சைச் சாறு விட்டால் இரும்புச்சத்து உடலில் நன்கு சேரும்.

நம் நகரின் பெயராலேயே ஓர் உணவும் உண்டு. மெலிந்த குழந்தைகளைத் தேற்றுவதற்காக ஊட்டச்சத்து நிறுவனம் வகுத்த "ஐதராபாத் கலவை"யே அது. வறுத்த கோதுமை 40 கிராம், வறுத்த கடலைப்பருப்பு 16 கிராம், வறுத்த வேர்க்கடலை 10 கிராம், வெல்லம் 20 கிராம் ஆகியவற்றைப் பொடித்துச் சேர்ப்பது இக்கலவை. இந்த 86 கிராமில் 330 கலோரியும் 11.3 கிராம் புரதமும் உள்ளன. எடை குறைந்த குழந்தைக்கு இதனை மருத்துவரைக் கேட்டுக் கொடுக்கலாம். நன்றாக வளரும் கைக்குழந்தைக்கு வெல்லம் வேண்டுவதில்லை. இரண்டு வயது வரை இனிப்பும் உப்பும் மிகுந்த பண்டங்களையும் இனிப்பூட்டிய பானங்களையும் தவிர்க்குமாறு உலகச் சுகாதார நிறுவனம் 2023இல் அறிவுறுத்தியது. உஸ்மானியா பிஸ்கத்தைத் தேநீரில் தோய்த்து மழலையின் வாயில் வைப்பது இவ்வூரில் அன்பின் அடையாளமாகக் கருதப்படுகிறது. ஆனால் பிஸ்கத்து பசியைக் கெடுக்கிறது. தேநீரோ உணவிலுள்ள இரும்புச்சத்தை உடலில் சேரவிடாது தடுக்கிறது. ஓராண்டு நிறையுமுன் தேனும் கூடாது. முழு வேர்க்கடலை தொண்டையில் அடைத்துக்கொள்ளும், அதனைச் சிறுவர்க்குத் தரவே கூடாது.

கிண்ணத்தில் என்ன இடுவது என்பது பாதிச் செய்தியே. எவ்வாறு ஊட்டுவது என்பது மறுபாதி. ஊட்டச்சத்து நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் அன்றைய ஆந்திரப் பிரதேசத்தின் 60 கிராமங்களில் 600 தாய்மாரையும் சேய்களையும் கொண்டு ஓர் ஆய்வு நடத்தி, 2013இல் முடிவை வெளியிட்டனர். கிராமங்களை மூன்றாகப் பிரித்தனர். ஒரு பிரிவினர்க்கு வழக்கமான அங்கன்வாடிச் சேவை மட்டுமே. இரண்டாம் பிரிவினர்க்கு, பயிற்சி பெற்ற கிராமப் பெண்கள் வீடு தேடிச் சென்று என்ன உணவு தருவது என்று கற்பித்தனர். மூன்றாம் பிரிவினர்க்கு அதனோடு, குழந்தையின் குறிப்பறிந்து ஊட்டுவதையும் அதனுடன் பேசி விளையாடுவதையும் கற்பித்தனர். ஓராண்டு முடிவில் பின்னிரு பிரிவிலும் குழந்தைகள் உண்ட அளவு கூடியிருந்தது. உயரக் குறைவு குறைந்தது இரண்டாம் பிரிவில்தான். மூன்றாம் பிரிவில் அப்பயன் காணப்படவில்லை. ஆனால் மனவளர்ச்சித் தேர்வில் முதற்பிரிவை விட உயர்ந்து நின்றவர்கள் மூன்றாம் பிரிவுக் குழந்தைகளே. உணவு உடலை வளர்க்கிறது. ஊட்டும்போது பேசும் பேச்சும் பார்க்கும் பார்வையும் அறிவை வளர்க்கின்றன என்பதே இதிலிருந்து நாம் கொள்ளத்தக்க பாடம்.

குறிப்பறிதல் என்பது பெருங்கலை அன்று. கிண்ணத்தைக் கண்டு கை நீட்டினால் பசி. வாயை மூடி முகத்தைத் திருப்பினால் போதும் என்று பொருள். எதை, எப்போது தருவது என்பதைப் பெரியவர்கள் முடிவு செய்யட்டும். எவ்வளவு உண்பது என்பதைக் குழந்தையின் வயிறு முடிவு செய்யட்டும். மூக்கைப் பிடித்தும் பூச்சாண்டி காட்டியும் ஊட்டிய உணவு அன்றைக்கு உள்ளே போகும். உணவின்மேல் வெறுப்பும் உடன் போகும். புதிய காயை ஒருமுறை துப்பினால் அது பிடிக்காது என்று முடிவு கட்டிவிடலாகாது. எட்டு, பத்து முறை சிறிது சிறிதாகக் கொடுத்த பின்னரே பல குழந்தைகள் ஏற்கின்றன. தன் கையால் எடுத்து உண்ணட்டும்; தரை அழுக்கானால் துடைத்துக்கொள்ளலாம். இடையிடையே பால் கேட்கும்போதெல்லாம் கொடுத்தால் சோற்றுக்குப் பசி இராது.

கைப்பேசியில் படம் ஓட்டி ஊட்டுவது இன்று எங்கும் பரவிவிட்டது. படம் பார்க்கும் குழந்தை வாயைத் திறக்கிறது. ஆனால் சுவையையும் அறியாது, வயிறு நிறைந்ததையும் அறியாது. ஒரு வயதுக் குழந்தைக்குத் திரையே வேண்டா என்று உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் கூறியது. நிலவைக் காட்டி ஊட்டிய நம் முன்னோர் குழந்தையின் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஊட்டினர். நிலவு இல்லாவிடினும் பால்கனியிலிருந்து தெரியும் காக்கையும் ரயிலும் போதும்.

இவ்வளவையும் தாய் ஒருத்தியே செய்ய வேண்டும் என்பது நியாயமன்று. மாறிமாறி வரும் பணி முறை உடைய ஆடவர்க்குப் பகலில் வீட்டிலிருக்கும் நாள்களும் உண்டு. அந்நாளில் ஒரு வேளையேனும் தந்தை ஊட்டட்டும். நாளும் அவ்வேலையைச் செய்பவளின் பொறுமை எத்தகையது என்பதை அவர் அறிவார். குழந்தையும் இன்னொரு கையின் சுவையை அறியும்.

குழந்தை இளைத்ததா என்பதைத் தொலைபேசித் திரையில் காண இயலாது. தடுப்பூசி அட்டையில் உள்ள வளர்ச்சிக் கோடே அதனைச் சொல்லும். அங்கன்வாடியிலோ மருத்துவரிடமோ மாதந்தோறும் எடை பார்த்துக் குறித்து வாருங்கள். கோடு மேல்நோக்கிச் சென்றால், மெலிந்து தோன்றினும் கவலை வேண்டா. கோடு படுத்துவிட்டாலோ இறங்கினாலோ, காலம் தாழ்த்தாமல் மருத்துவரிடம் செல்லுங்கள். ஊரிலுள்ள பெரியவர்கள் கேட்டால் அக்கோட்டையே காட்டுங்கள். அவர்கள் மனமும் ஆறும். தாயின் கையும் மீண்டும் மென்மையாகும்.