வண்டி குளிக்கட்டும்... ஆறு அழுக்காக வேண்டாம்!

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் போடிநாயக்கனூரில் எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் ஒரே காட்சிதான். வருஷம் முழுக்கச் சேறும் தூசியுமாகத் திரிந்த வண்டியெல்லாம் அன்றைக்குத்தான் குளிக்கும். ஜீப், கார், டிவிஎஸ் 50, சைக்கிள் எதுவும் பாக்கி இல்லை. குளித்து முடித்ததும் சந்தனம், குங்குமம், மாலை. சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம். அப்புறம் பொரிகடலை. அவ்வளவுதான்... அடுத்த குளியல் அடுத்த வருஷம்!

இந்த ஒரு நாள் பக்தியில் இரண்டு பேர் அடிபடுகிறார்கள். ஒன்று, வண்டி. இன்னொன்று, ஆறு. இரண்டையும் காப்பாற்ற ஒரே வழிதான் இருக்கிறது. வீட்டு வாசலில், கையால், நிதானமாகக் கழுவுவது. கேட்க ரொம்பச் சாதாரணமாக இருக்கிறதா? கொஞ்சம் பொறுங்கள்.

முதலில் ஆற்றின் கதை. போடியிலிருந்து முந்தல் போய், போடிமெட்டுக்கு ஏறும் 17 கொண்டை ஊசி வளைவுகளை விட்டுவிட்டுப் பக்கத்து ரோட்டில் திரும்பினால் குரங்கணி. அந்த மலைச்சரிவில் இறங்கி வருவதுதான் கொட்டகுடி ஆறு. போடிக்காரர்களின் குடிநீர் அதிலிருந்துதான் வருகிறது. மிச்சம் வைகையில் சேருகிறது. வைகை அணைத் தண்ணீரை மதுரை குடிக்கிறது. ஆக, மேலே ஒரு ஜீப்பை ஆற்றுக்குள் இறக்கி, கிரீஸும் டீசலும் கழிவு ஆயிலும் வழிய வழியத் தேய்த்தால் அந்த அழுக்குக்குப் பயணச்சீட்டு ரொம்ப தூரத்துக்கு. நீர் மாசு தடுப்புச் சட்டம் 1974-லேயே வந்துவிட்டது. ஓடையில் தெரிந்தே மாசைக் கலக்கக் கூடாது என்று அதன் 24-ஆவது பிரிவு சொல்கிறது. சட்டம் புத்தகத்தில் இருக்கிறது, ஜீப் ஆற்றில் இருக்கிறது!

இதைச் சொன்னவுடன் ஒரு கேள்வி வரும். "வீட்டில் குழாய்த் தண்ணீருக்கே வழியில்லை, ஜீப்புக்கு எங்கே போவது?" நியாயமான கேள்விதான். விடியற்காலையில் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போய், சாயங்காலம் திரும்பக் கொண்டுவந்து விடுகிற ஓட்டுநருக்கு அந்த ஜீப்தான் சோறு போடுகிறது. அவரிடம் போய் சுற்றுச்சூழல் பாடம் நடத்துவது சுலபம், ஆனால் அது அழகில்லை. அவருக்குச் சொல்ல வேண்டியது வேறு. ஆற்றில் தண்ணீர் எடுக்கலாம், ஆற்றில் வண்டியை இறக்க வேண்டாம். இரண்டு மூன்று வாளி மொண்டு, கரையிலிருந்து தள்ளி, மண் தரையில் நிறுத்திக் கழுவினால் அழுக்கு நேராக ஆற்றில் இறங்காது. எஞ்சினையும் அடிப்பகுதியையும் ஆயில் போகக் கழுவும் வேலையை மட்டும், எண்ணெயைத் தனியாகப் பிரிக்கும் தொட்டி வைத்திருக்கும் வாட்டர் சர்வீஸில் விட்டுவிடலாம். அது தினசரி வேலை இல்லையே.

அடுத்தது தண்ணீர்க் கணக்கு. குழாயில் ஹோஸ் மாட்டி நிமிஷத்துக்கு 12 லிட்டர் வீதம் கால் மணி நேரம் அடித்தால் 180 லிட்டர் காலி. கிராமத்தில் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்பது மத்திய அரசின் ஜல் ஜீவன் திட்ட அளவு. அதாவது ஒரு கார் மூன்று பேருக்கு மேல் குடித்துவிடுகிறது. 15 லிட்டர் வாளியில் மூன்று வாளி என்றால் 45 லிட்டரில் வேலை முடிந்துவிடும். 2019 கோடையில் சென்னை தண்ணீருக்கு அலைந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 2024 மார்ச்சில் பெங்களூரில் குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்றே அறிவித்தார்கள். மலையடிவாரம்தானே, தண்ணீருக்கு என்ன பஞ்சம் என்று இருந்துவிட முடியாது.

சரி, இப்போது வண்டிக்கு வரலாம்.

வண்டியைக் கெடுப்பது வெயிலும் மழையும் மட்டும் இல்லை. தப்பாகத் துடைப்பதும்தான்! மலை ரோட்டுச் சேறு காய்ந்தால் உப்புத்தாள் மாதிரி. அதன் மேல் வெறும் துணியைப் போட்டு "பளபள"வென்று தேய்ப்பவர், உண்மையில் பெயிண்ட்டைத்தான் தேய்க்கிறார். வெயிலில் பானெட்டைச் சாய்த்துப் பார்த்தால் சிலந்தி வலை மாதிரி வட்ட வட்டமாகக் கீறல் தெரியும். அந்தக் கோலத்தை யாரும் வெளியிலிருந்து வந்து போடவில்லை. காய்ந்த சந்தனத்தை நகத்தால் சுரண்டுவதும் இதே ரகம்தான். ஈரத்துணியை அதன் மேல் கொஞ்ச நேரம் போட்டு வைத்தால் தானாக ஊறி வந்துவிடும்.

கழுவும் முறை ஒன்றும் ராக்கெட் விஞ்ஞானம் இல்லை. வண்டியை நிழலில் நிறுத்தி, சூடு தணிய விட வேண்டும். முதலில் தண்ணீரை மட்டும் ஊற்றிச் சேற்றை ஊற வைத்து இறக்க வேண்டும். பிறகு இரண்டு வாளி. ஒன்றில் கார் ஷாம்பு கலந்த தண்ணீர், மற்றதில் துணியை அலசுவதற்கு நல்ல தண்ணீர். மேலிருந்து கீழே, நேர்கோட்டில் துடைக்க வேண்டும். சக்கரம் கடைசி, அதற்குத் தனித் துணி. முடிந்ததும் மூன்றாவது வாளியால் அலசி, மைக்ரோஃபைபர் துணியால் உடனே ஈரம் ஒற்றி எடுக்க வேண்டும். தானாகக் காயவிட்டால் உப்புத் தண்ணீர் வெள்ளைப் புள்ளியாக நின்றுவிடும். பாத்திரம் தேய்க்கும் சோப்பு வேண்டவே வேண்டாம். அது எண்ணெய்ப் பிசுக்கோடு, போட்டு வைத்த மெழுகையும் சேர்த்து எடுத்துவிடும்.

இனிதான் முக்கியமான மேட்டர். பாலிஷும் வேக்ஸும் ஒன்று என்றே பலர் நினைக்கிறார்கள். இல்லை! காமர்ஸ் பாஷையில் சொன்னால் பாலிஷ் என்பது முதலில் கை வைப்பது, வேக்ஸ் என்பது இன்சூரன்ஸ் பிரீமியம் கட்டுவது.

இப்போதைய கார்களில் நிறத்துக்கு மேலே கிளியர் கோட் என்று கண்ணாடி மாதிரி ஒரு பூச்சு உண்டு. பொதுவாக 40, 50 மைக்ரான் இருக்கும், ஒரு தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு. பாலிஷில் இருக்கும் நுண்ணிய பொடி அந்தப் பூச்சைத் துளி துளியாகச் சீவி எடுத்துத்தான் கீறலை மறைக்கிறது. பழைய ஜீப்களில் கிளியர் கோட்டே இருக்காது. அங்கே பாலிஷ் போட்டால் துணியில் ஜீப்பின் நிறமே ஒட்டும். ஆகவே மாதம் ஒரு முறை பாலிஷ் போடுகிறவர் வண்டியைப் பராமரிக்கவில்லை, தவணை முறையில் கரைக்கிறார். கீறல் கண்ணை உறுத்தினால் மட்டும், அதுவும் ஓர் ஓரத்தில் கொஞ்சம் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் செய்ய வேண்டும்.

வேக்ஸ் எதையும் எடுப்பதில்லை, மேலே ஒரு மெல்லிய படலமாக உட்காருகிறது. பறவை எச்சம், மரப்பால், மழை எல்லாம் முதலில் அந்தப் படலத்தைத்தான் தொடும். பேர் பெற்ற கார்னோபா மெழுகு, பிரேசிலின் வடகிழக்கில் வளரும் ஒரு பனையின் ஓலையிலிருந்து வருகிறது. கொஞ்சமாக எடுத்து, மெல்லிசாகத் தடவி, மங்கலாகக் காய்ந்ததும் சுத்தமான துணியால் துடைத்தெடுத்தால் போதும். தண்ணீர் ஊற்றினால் முத்து முத்தாக உருண்டு ஓடும். உருளாமல் பாய் விரித்த மாதிரி படர்ந்தால் அடுத்த பூச்சுக்கு நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம்.

"இவ்வளவு மெனக்கெட்டு என்ன லாபம்?" என்று கேட்பவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. 5 லட்ச ரூபாய் வண்டிக்கு, குறைந்து செல் இருப்பு முறையில் 15 சதவீதம் தேய்மானம் போட்டால் மூன்று ஆண்டு முடிவில் ஏட்டு மதிப்பு சுமார் 3 லட்சத்து 7 ஆயிரம். வண்டி கழுவப்பட்டதா இல்லையா என்று ஏடு கேட்காது. வாங்க வருகிறவர் கேட்பார்! பானெட்டைத் தடவிப் பார்ப்பார், கதவு இடுக்கில் துரு தேடுவார். பச்சை மங்கின ஏலக்காய்க்கு விலை இறங்கும் என்பது போடியில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஏலக்காய்க்குத் தெரிந்த நியாயம் வண்டிக்குத் தெரியாதா என்ன?

பணத்தை விடவும் பெரிய லாபம் ஒன்று இருக்கிறது. கையால் கழுவுகிறவர் வண்டியை முழுசாகத் தொட்டுப் பார்க்கிறார். டயரில் ஏறிய ஆணி, தேய்ந்த பட்டன், தரையில் சொட்டியிருக்கும் பிரேக் ஆயில், எரியாத பின் விளக்கு எல்லாம் அப்போதுதான் கண்ணில் படும். பத்துப் பதினைந்து உயிர்களை ஏற்றிக்கொண்டு கொண்டை ஊசி வளைவில் இறங்குகிற ஜீப்புக்கு, வாளியோடு ஒரு சுற்றுச் சுற்றி வரும் அந்த அரை மணி நேரத்தைவிட மலிவான பாதுகாப்பு வேறு கிடையாது.

ஆயுத பூஜைக்குக் கழுவுங்கள், தப்பே இல்லை. ஆனால் வண்டி சாமி என்றால் வருஷத்துக்கு ஒரு நாள் மட்டும் சாமியாக இருக்க முடியாது. அதைக் குளிப்பாட்டும் ஆறும் சாமிதான்... அதற்கு யாரும் சந்தனம்கூட வைக்க வேண்டாம், கழிவு ஆயில் ஊற்றாமல் இருந்தால் போதும்.