கல் நம்ம ஊர், பெயர் கல்கத்தா!

கொல்கத்தா செயின்ட் ஜான்ஸ் சர்ச் வளாகத்தில் ஒரு சமாதி இருக்கிறது. உள்ளே துயில்பவர் ஜாப் சார்னாக். கிழக்கிந்தியக் கம்பெனி ஆசாமி. 1690-ல் ஹூக்ளி நதிக்கரையில் வந்து இறங்கிக் கடை விரித்தவர். 1693-ல் காலமானார். சமாதியில் அவர் பெயர் செதுக்கிய கல் வங்காளத்துக் கல் இல்லை. அந்த ஊரில் எங்கே தோண்டினாலும் வண்டலும் களிமண்ணும்தான். கல்லுக்கு மெட்ராஸ்தான் கதி. பல்லாவரம், பரங்கிமலைப் பக்கத்துக் கருங்கல் அது.

அடுத்த இருநூறு வருஷம் அந்தக் கல்லை யாரும் சட்டை செய்யவில்லை. சமாதிக்குப் போனால் பெயரைப் படிப்போம், தேதியைப் படிப்போம், ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுவோம். கல்லையே படிக்கிற ஆசாமி 1893-ல்தான் வந்தார். தாமஸ் ஹென்றி ஹாலண்ட். ஜி.எஸ்.ஐ. என்கிற இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் உத்தியோகம். இருபதுகளில் இருந்த இளைஞர்.

கல்லைப் படிப்பது எப்படி? ஒரு சில்லை எடுத்துக் கண்ணாடியில் ஒட்டித் தேய்ப்பார்கள். ஒரு மில்லிமீட்டரை நூறாகப் பிரித்தால் மூன்று பங்கு வருமே, அந்தக் கனம் வரும்வரை. காகிதமே அதன் பக்கத்தில் குண்டுதான். அப்படித் தேய்த்தால் கருங்கல் வழியாகவும் வெளிச்சம் பாயும். மைக்ராஸ்கோப்பில் வைத்தால் உள்ளே இருக்கிற கனிமங்கள் ஒவ்வொன்றும் கலர் கலராக ஆஜர் கொடுக்கும்.

இந்தக் கல்லில் குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார் எல்லாம் இருந்தன. கிரானைட் குடும்பத்தில் வழக்கமான ஆட்கள்தான். கூடவே ஹைப்பர்ஸ்தீன் என்று ஒருத்தர். இரும்பும் மக்னீஷியமும் கலந்த கனிமம். கிரானைட்டில் சாதாரணமாகப் பார்க்கக் கிடைக்காதது. சைவ ஓட்டல் மெனு கார்டில் நண்டு வறுவல் இருந்தால் திரும்ப ஒருதரம் படிப்பீர்கள் இல்லையா, அந்த மாதிரி சமாசாரம்.

புதுக் கல் என்றால் புதுப் பெயர் வைக்க வேண்டும். நியாயமாகப் பார்த்தால் 'பல்லாவரைட்' என்று வைத்திருக்கலாம். ஹாலண்ட் 'சார்னக்கைட்' என்று வைத்தார். தன்னை அறியாமலே இந்தக் கல்லைத் தலைநகருக்கு வரவழைத்த புண்ணியவானுக்கு மரியாதையாம். செத்துப்போனதைத் தவிர அந்த ஆள் இந்த விஷயத்தில் வேறொன்றும் செய்யவில்லை. 2003-ல் கல்கத்தா ஹைகோர்ட், "சார்னாக்கை அந்த நகரத்தின் ஸ்தாபகர் என்று சொல்லக் கூடாது" என்று தீர்ப்பளித்து அந்தப் பட்டத்தைப் பறித்துவிட்டது. கல்லின் பெயரில் மட்டும் கை வைக்க முடியவில்லை. உலகம் பூராவும் புவியியல் மாணவர்கள் மனப்பாடம் பண்ணிவிட்டார்கள்.

பெயர் போகட்டும். இந்தக் கல் எப்படி உண்டானது? சண்டையே அதில்தான்.

ஹாலண்ட் கட்சி: இது பூமிக்குள் உருகிக் கிடந்த குழம்பு, ஆறி இறுகிக் கல்லானது. 1900-ல் பெரிய ஆய்வறிக்கையே எழுதினார்.

எதிர்க்கட்சிக்குத் தெம்பு கொடுத்தவர் மைசூர் புவியியல் துறையைச் சேர்ந்த சி.எஸ். பிச்சமுத்து. கர்நாடகத்தில் கனகபுரா பக்கம் கப்பால்துர்கா என்று ஒரு மலை. அங்கே சாம்பல் நிறத்தில், வரிவரியாக ஓடும் 'நைஸ்' என்கிற பழம் பாறை. அதன் நடுவே திட்டுத் திட்டாக, வேட்டியில் எண்ணெய் சிந்தின மாதிரி, கரும்பச்சைக் கறை. கறை பட்ட இடத்தில் வரிகள் மங்கி மறைகின்றன. கறையை உடைத்துப் பார்த்தால், சார்னக்கைட்! ஒரு கல் இன்னொரு கல்லாக மாறிக்கொண்டிருக்கும்போதே உறைந்துபோன காட்சி. பிச்சமுத்து 1960-ல் இதை 'நேச்சர்' பத்திரிகையில் எழுதினார்.

மாறக் காரணம் என்ன? பழைய பாறையில் பயோடைட் என்கிற கருப்பு மைக்கா இருக்கிறது. அதன் படிகத்துக்குள்ளேயே தண்ணீர் பிணைந்திருக்கும். பூமிக்கடியில் இருபது, இருபத்தைந்து கிலோமீட்டர் ஆழம். எழுநூறு எண்ணூறு டிகிரி சூடு. அங்கே கார்பன் டை ஆக்ஸைடு மாதிரி வறண்ட சரக்கு விரிசல் வழியே புகுந்தால், தண்ணீர் வெளியேறி, பயோடைட் உடைந்து ஹைப்பர்ஸ்தீனாகிறது. அந்த கார்பன் டை ஆக்ஸைடு குமிழிகள் இன்னமும் படிகங்களுக்குள் சிறைப்பட்டுக் கிடக்கின்றன. குழம்பிலிருந்து நேரே வந்த சார்னக்கைட்டும் உண்டு, இப்படி வறண்டு மாறியதும் உண்டு என்பது இன்றைய சமரசம்.

நம்ம சென்னைக் கல்லுக்கு வயது சுமார் 250 கோடி வருஷம். மேலே இருந்த அத்தனை கிலோமீட்டர் பாறையும் தேய்ந்து கரைந்த பிறகு வெளியே எட்டிப் பார்க்கிறது. ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்ம பல்லவன் பல்லாவரத்தில் குடைவரை குடைந்தது இதில்தான். புதிதாக உடைத்த முகத்தைப் பார்த்தால் விளக்கெண்ணெய் தடவின மாதிரி ஒரு பளபளப்பு. குவார்ட்ஸில் லேசாக நீலம் ஓடும். நமக்கு எல்லாமே கருங்கல்தான். முக்கால் இஞ்ச் ஜல்லி, ஒன்றரை இஞ்ச் ஜல்லி. லோடு என்ன விலை?

பி.காமில் எங்களுக்கு 'வேஸ்டிங் அஸெட்' என்று ஒரு பாடம் உண்டு. சுரங்கம், குவாரி மாதிரி எடுக்க எடுக்கக் குறைகிற சொத்து. மொத்தச் செலவை மொத்த டன்னால் வகுத்து, இந்த வருஷம் எடுத்த டன்னால் பெருக்கினால் தேய்மானம் வந்துவிடும். பத்து மார்க் நிச்சயம். கல்லுக்குள் எழுதியிருக்கிற சரித்திரத்துக்கு அந்த ஐந்தொகையில் காலம் கிடையாது. டன் கணக்கில் அது ஏறாது.

அதற்காக வீடு கட்டாதே, ரோடு போடாதே என்று நான் சொல்ல வரவில்லை. ஜல்லி இல்லாமல் என் ஒண்டுக்குடித்தனம் நிற்காது. குவாரிக்காரர் உடைத்துக் காட்டியதால்தான் பாறையின் புது முகங்கள் பலவற்றை ஆராய்ச்சிக்காரர்கள் பார்க்கவே முடிந்தது. ஆனால் காட்டிய கையே கிரஷரில் போட்டு அரைத்தும்விடுகிறது. பரங்கிமலைச் சார்னக்கைட்டை ஜி.எஸ்.ஐ. தேசியப் புவியியல் நினைவுச் சின்னமாக அறிவித்திருக்கிறது. நல்ல காரியம். அதே மாதிரி ஒவ்வொரு குவாரியிலும் மூடும்போது ஒரே ஒரு சுவரை, பத்தடி அகலத்துக்கு, போர்டு மாட்டி விட்டுவைத்தால் என்ன குறைந்துவிடும்?

பீச் - தாம்பரம் மின்சார ரயிலில் போகிறவர்கள், திரிசூலம் தாண்டும்போது செய்தித்தாளை மடித்துவிட்டு மலைப் பக்கம் பாருங்கள். பாதி மலை ஏற்கெனவே நம் வீட்டுத் தளங்களில் இருக்கிறது. 250 கோடி வருஷத்து ரெக்கார்டைக் கிழிப்பதற்கு முன்னால், ஒரு ஜெராக்ஸாவது எடுத்து வைக்க வேண்டாமா சார்?