கையொப்பம் கலந்தாலோசனை ஆகுமா?

“நகர வளர்ச்சியில் பொதுமக்களுக்கு என்ன வேலை? அது பொறியாளர்களின் துறையன்றோ?” என வினவுவோர் உளர். கற்றோரும் இவ்வாறு பேசுவதுதான் வியப்பு. இக்கூற்றை நாம் அடியோடு மறுக்கின்றோம்.

சென்னைக்குத் தெற்கேயுள்ள பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை எண்ணிப் பாருங்கள். ஐயாயிரம் ஹெக்டேருக்கு மேல் பரந்து கிடந்ததாகச் சொல்லப்படும் அந்நிலத்தில், 2022-ஆம் ஆண்டு ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது சுமார் 1,247 ஹெக்டேரே. மற்றதில் பெரும்பகுதியைக் கட்டடங்களும் சாலைகளும் குப்பைமேடும் விழுங்கிவிட்டன. அவற்றுள் பல, முறைப்படி ஒப்புதல் பெற்று எழுந்தவையே! 2015 டிசம்பரில் பெருமழை பெய்தபோது, வெள்ளம் தன் பழைய இடத்தைத் தேடி வந்தது. எந்த ஓடை எவ்வழியே பாயும் என்பதை ஊர் முதியவர்கள் அறிவார்கள், கோப்புகள் அறியா. அந்த அறிவைக் கேட்டுப் பெறுவதே மக்கள் பங்கேற்பு. அது சலுகையன்று; நகரம் நிலைத்து வாழ்வதற்கான தேவை.

சட்டமும் இதை ஒப்புகின்றது. 1992-ஆம் ஆண்டின் 74-ஆவது அரசமைப்புத் திருத்தம், மூன்று லட்சமும் அதற்கு மேலும் மக்கள் வாழும் நகரங்களில் வார்டு குழுக்கள் வேண்டுமென்றது. தமிழகத்தில் வார்டு குழுவுக்கும் பகுதி சபைக்கும் விதிகள் வந்ததோ 2022-இல்! முப்பது ஆண்டுகள் காத்திருந்து பெற்ற மேடை அது. அங்கே முடிவான திட்டத்தை வாசித்துக் காட்டி, பதிவேட்டில் கையொப்பம் வாங்கி அனுப்பிவிட்டால், அதற்குப் பெயர் கலந்தாலோசனையன்று, வெறும் அறிவிப்பு.

ஆனால் ஆட்சியாளரை மட்டும் குறை கூறி நாம் தப்பிவிட முடியாது. பள்ளிவாசலில் ஒரு மின்விசிறி மாட்டவும் மஷூரா செய்கின்றோம். கணக்கில் ஒரு ரூபாய் குறைந்தாலும் ஜமாஅத் கூடிக் கேள்வி கேட்கின்றது. அதே நாம், தெருவின் கழிவுநீர் எங்கே போய்ச் சேர்கிறதென்று கேட்பதில்லை. பகுதி சபைக்கு அழைப்பு வந்தால், “நமக்கேன் வம்பு?” என்று ஒதுங்குகின்றோம். நம் வீட்டுப் பெண்களையாவது போகச் சொல்கின்றோமா? தண்ணீருக்காகக் குடத்தோடு காத்து நிற்பவர்கள் அவர்களல்லரோ!

அடுத்த பகுதி சபைக்குக் குடும்பத்தோடு செல்வோம். திட்டம் முடிவாகும் முன்பே வரைபடத்தைக் கேட்போம். நாம் சொன்னது எழுதப்பட்டதா, எழுதியது நிறைவேறியதா என அதற்கடுத்த கூட்டத்திலும் கேட்போம். தீர்மானத்தைப் படித்துப் பாராமல் கையொப்பமிடோம். நகரம், நமக்குப் பின் வருவோருக்காக நம் கையில் உள்ள அமானிதம். அதைக் காப்பது பிறர் வேலையன்று.