ஒரே லாரியில் ஏற்றுவதும் ஒன்றாக அரைப்பதும்

மாணவர்களே! அரியலூர், பெரம்பலூர் பகுதி வீடுகள் சிலவற்றில், அண்ணனோ அக்காவோ பள்ளியில் பெற்ற மடிக்கணினி இன்னும் இருக்கக்கூடும். 2011-ல் தொடங்கிய அரசுத் திட்டத்தில் வந்தது அது. அவற்றில் விண்டோஸ், பாஸ் லினக்ஸ் என இரண்டு இயக்க மென்பொருள்கள் இருந்தன. பாஸ் என்பது, மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் டெபியன் என்ற லினக்ஸ் தொகுப்பைக் கொண்டு உருவாக்கி 2007-ல் வெளியிட்டது.

கணினிக்கு இட்ட பெயர் 'விலையில்லா மடிக்கணினி'. விலை இல்லையென்றால் நிபந்தனையும் இல்லை என்று எண்ணிவிடுகிறோம். அது தவறு. லினக்ஸின் கரு, ஜி.பி.எல். உரிமத்தின் இரண்டாம் பதிப்பின்கீழ் வருவது. வீட்டில் அதை எப்படி வேண்டுமானாலும் திருத்திக்கொள்ளலாம். பிறருக்குக் கொடுக்கும்போதோ, மூல நிரலையும் அதே உரிமைகளையும் சேர்த்துக் கொடுத்தாக வேண்டும்.

அப்படியானால் அதே கணினியிலுள்ள விண்டோஸின் மூல நிரலையும் தர வேண்டுமா? வேண்டாம். பெரம்பலூர் மக்காச்சோள மூட்டையும் வெங்காய மூட்டையும் ஒரே லாரியில் போனாலும் வெவ்வேறு சரக்குகள்தாமே! ஆனால் அரியலூர் சிமெண்டு ஆலையில் கிளிங்கரையும் ஜிப்சத்தையும் ஒன்றாக அரைத்துவிட்டால், பிறகு பிரிக்க முடியுமா? இரு நிரல்களை இணைத்து ஒரே நிரலாக்கினால், இரண்டின் நிபந்தனைகளும் முழுமைக்கும் சேர்ந்துவிடும்.

எம்.ஐ.டி. உரிமம் எளியது. எழுதியவரின் உரிமைக் குறிப்பையும் உரிம வாசகத்தையும் நீக்காதே என்பதே அதன் நிபந்தனை. ஆகவே அந்த நிரலை ஜி.பி.எல். நிரலோடு சேர்க்கலாம், முழுமையும் ஜி.பி.எல். ஆகும், குறிப்பும் நிலைக்கும். எல்லா ஜோடியும் இப்படிப் பொருந்துவதில்லை. அப்பாச்சி இரண்டாம் பதிப்பு உரிமத்திலுள்ள சில நிபந்தனைகளுக்கு ஜி.பி.எல். இரண்டாம் பதிப்பில் இடமில்லை. 2007-ல் வந்த மூன்றாம் பதிப்புதான் அதற்கு வழிவிட்டது. இதைப் பார்க்காமல் மாதக்கணக்கில் உழைத்துவிட்டு, கடைசியில் வெளியிட முடியாமல் விழிப்பது எவ்வளவு பரிதாபம்!

பெரிய நிறுவனங்களும் சறுக்கியதுண்டு. லிங்க்சிஸ் நிறுவனத்தின் டபிள்யூ.ஆர்.டி.54ஜி என்ற இணையத் திசைவிக்குள் லினக்ஸ் இருப்பதை 2003-ல் ஆர்வலர்கள் கண்டுபிடித்தனர். மூல நிரலை வெளியிட நேர்ந்தது. அதிலிருந்து 2004-ல் ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற புதிய மென்பொருளே பிறந்தது. உரிமத்தை மதித்ததால் உலகுக்கு எவ்வளவு ஆதாயம், பாருங்கள்!

அறிவியல் கண்காட்சிக்கு நிரல் எழுதுவோர் பலர், இணையத்தில் எடுத்ததில் முதல் சில வரிகளை அழித்துவிடுகிறார்கள். எழுதியவர் பெயர் அங்கேதான் இருக்கும்! எந்தப் பகுதி யாருடையது, என்ன உரிமம் என்ற பட்டியலை நடுவர்கள் கேட்க வேண்டும். அதற்கு மதிப்பெண்ணும் தர வேண்டும் என்பது என் கருத்து. உரிமமே எழுதப்படாத நிரல் பொதுச்சொத்தன்று. 1957-ம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1984-ல் செய்த திருத்தத்தால் கணினி நிரலையும் இலக்கியப் படைப்பாகவே கருதுகிறது. அத்தகைய நிரலை, எழுதியவரிடம் கேட்டுச் சம்மதம் பெற்ற பின்னரே உங்களுடையதோடு சேருங்கள்.