மலையடி வெள்ளமும் பழவேற்காட்டு மீனும்

அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஆரணியாற்றில் வெள்ளம் பெருகும் ஆண்டுகளில், இத்தனை நீர் வீணாகக் கடலில் கலந்துவிட்டதே என்ற அங்கலாய்ப்பு எழுவது வழக்கம். சத்தியவேட்டுப் பகுதிக் குடியானவர் இவ்வாறு கூறுவாராயின் அவரைக் குறைகூற இயலாது. ஆயினும், அதே ஆறு சென்று விழும் பழவேற்காட்டு ஏரியின் கரையில் வாழும் மீனவருக்கு அந்நீர் வீணன்று. வரும் கோடைவரை அவருடைய ஜீவனத்தை நிர்ணயிப்பதில் அதற்குப் பெரும்பங்கு உண்டு. மலையடி வாழ்வு வேறு, கடலோர வாழ்வு வேறு என்று பிரித்துத் திட்டம் தீட்டும் முறை இவ்விடத்திற்கு எவ்வளவு தூரம் பொருந்தும் என்பது ஆராயத்தக்கது.

சத்தியவேட்டுக்கு மேற்கே நகலாபுரம் மலைகள் நிற்கின்றன. கிழக்கே பழவேற்காட்டு ஏரியும் அதற்கப்பால் ஸ்ரீஹரிகோட்டைத் தீவும் கிடக்கின்றன. மலைக்கும் கடலுக்கும் இடைத்தூரம் ஏறக்குறைய 50 கிலோமீட்டரே. இச்சிறு தூரத்திற்குள் சீதோஷ்ணம் மாறுவது வியப்புக்குரியது. கடல்நீர் மெதுவாகவே சூடேறி மெதுவாகவே ஆறுவதால், கரையோரச் சிற்றூர்களில் பகல் வெப்பத்திற்கும் இரவு வெப்பத்திற்கும் வேறுபாடு குறைவு. மே மாதத்திலும் நண்பகலை ஒட்டிக் கடற்காற்று வீசத் தொடங்கினால் அனல் தணியும். மலையடிக்கு அக்காற்று தாமதமாகவும் வலுக்குன்றியும் வந்துசேர்கிறது. பாறை பகலில் காய்ந்து, மாலையிலும் வெப்பத்தை உமிழ்கிறது.

உயரம் மட்டுமே விளைவிக்கும் மாறுதலைக் காணப் பழைய சித்தூர் ஜில்லாவின் மேற்குக் கோடிக்குச் செல்லவேண்டும். மதனப்பள்ளி கடல்மட்டத்திற்கு ஏறத்தாழ 700 மீட்டர் உயரத்தில் உள்ளது. இரவு குளிர்ந்தாலன்றித் தக்காளிப் பூ நன்கு காய் பிடிக்காது. கடலோரச் சமவெளியின் வெக்கையான கோடை இரவுகள் அதற்கு ஏற்றவையல்ல. மதனப்பள்ளியிலோ கோடையிலும் அப்பயிர் செழிக்கிறது. சத்தியவேட்டுக் குன்றுகளுக்கு இத்தகைய உயரம் இல்லை. இங்கு வாழ்வை வேறுபடுத்துவது நிலத்தின் சரிவும், அச்சரிவில் நீர் நிற்கும் நேரமுமே.

புவியியலார் இவ்வூரின் பெயராலேயே குறிப்பிடும் சத்தியவேட்டுப் படிவம், கூழாங்கற்களும் மணற்கல்லும் செறிந்தது. இத்தகைய மேட்டு நிலத்தில் மழை பெய்த வேகத்தில் ஓடிவிடுகிறது. ஆகவே, முன்னோர் சரிவுதோறும் ஏரிகளை வெட்டினர். ஏரிக்குக் கீழே நெல்லும், மேட்டில் மானாவாரியாக நிலக்கடலையும், பின்னாளில் மாந்தோப்புகளும் அமைந்தன. ஆண்டு மழையின் பெரும்பகுதி வடகிழக்குப் பருவக்காற்றின் சில வாரங்களில் கொட்டித் தீர்த்துவிடுகிறது. அவ்வாரங்களில் தேக்கத் தவறிய நீருக்காகக் குடியானவர் ஒன்பது மாதம் ஏங்கவேண்டும். பிச்சாட்டூரில் ஆரணியாற்றின் குறுக்கே அணை எழுந்ததன் நியாயம் இதுவே.

அணையைக் கடந்த ஆறு சுருட்டப்பள்ளி, ஊத்துக்கோட்டை வழியே தமிழ்நாட்டில் ஓடிப் பழவேற்காட்டை அடைகிறது. சூலூர்ப்பேட்டை வழியே வரும் காளங்கியும் அவ்வேரியிலேயே சேர்கிறது. மழைக்காலத்தில் ஏறத்தாழ 450 சதுர கிலோமீட்டர் பரவும் இவ்வுப்பங்கழி, கோடையில் பெரிதும் சுருங்கிவிடும். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு உண்டு. வெள்ளக் காலத்தில் கழியின் சில பகுதிகள் ஏறக்குறைய நன்னீராகவே மாறுகின்றன. கோடையிலோ நீர் ஆவியாகி, உப்பு 50 கிராமையும் தாண்டுவதுண்டு. இதற்கிடையேதான் வெள்ளிறாலின் வாழ்க்கை நடக்கிறது. தாய் இறால் கடலில் முட்டையிடும். குஞ்சுகள் முகத்துவாரத்தின் வழியே கழிக்குள் புகுந்து, சில மாதம் வளர்ந்து, மீண்டும் கடலுக்குத் திரும்பும். கரையோர நீரோட்டம் மணலைக் குவித்து முகத்துவாரத்தை அடைத்துவிட்டால் வரவும் இல்லை, போக்கும் இல்லை. அம்மணலைத் தள்ளும் சக்திகளுள் முதன்மையானது மேற்கிலிருந்து வரும் வெள்ளமே. முகத்துவாரத்தில் கல்சுவர் அமைப்பது பயனுடையதாகலாம். ஆனால் ஆற்றிலிருந்து வரவேண்டிய நன்னீரைக் கல்சுவரால் தர இயலாது.

ஏரியில் ‘பாடு’ என்னும் முறையால் மீன்பிடிக்கும் இடங்களைச் சீட்டுக் குலுக்கி முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் மீனவர், பங்கீட்டில் தேர்ந்தவர்களே. எனினும் பங்கிடுவதற்கு மீன் இருக்கவேண்டும். பாட்டில் இடம் பெறாத இருளர் நிலை இன்னும் நலிந்தது. ஆழமற்ற நீரில் அமர்ந்து, கையால் துழாவி இறால் பிடித்துப் பனையோலைப் பறியில் இடுகின்றனர். இருளரும் ஆந்திரத்து யானாதியரும் காட்டையும் கழியையும் ஒருங்கே அறிந்தவர்கள். மலையடியும் கடலோரமும் வெவ்வேறு உலகங்கள் என்னும் பாகுபாடு அவர்களிடம் செல்லாது. அரசாங்கக் குறிப்பேடுகளோ ஒருவரைக் காட்டுவாசி என்றோ மீனவர் என்றோ எழுதியபின்பே உதவி வழங்கும் இயல்புடையவை.

இடர்ப்பாட்டை எல்லைக்கோடு பெருக்கிவிட்டது. செங்கற்பட்டு ஜில்லாவில் இருந்த சத்தியவேடு, 1959-ஆம் ஆண்டின் எல்லை மாற்றச் சட்டப்படி 1960 ஏப்ரல் முதல் நாள் ஆந்திரப் பிரதேசத்தைச் சேர்ந்தது. 2022 முதல் திருப்பதி ஜில்லாவில் உள்ளது. அணை ஆந்திரத்தில், ஆற்றின் கீழ்ப்பகுதியும் பழவேற்காட்டு முகத்துவாரமும் தமிழ்நாட்டில், ஏரிப்பரப்பின் பெரும்பங்கு மீண்டும் ஆந்திரத்தில். 2008-இல் தொடங்கிய ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையினால் மலையடி இளைஞர் பலருக்கு மழையை நம்பாத ஊதியம் கிட்டியுள்ளது. ஆனால் நீரின் கணக்கு அதனால் எளிதாகிவிடவில்லை.

குடியானவரின் ஏரி நிரம்புமுன் கடலுக்கு நீர் விடுக என்பது அநீதியாகும். வறண்ட ஆண்டில் முதல் உரிமை மலையடிக்கே இருக்கலாம். நல்ல மழை பெய்த ஆண்டில், அணையைக் காக்க நள்ளிரவில் ஒரேயடியாகத் திறந்துவிடுவதைக் காட்டிலும், முகத்துவாரத்தின் நிலையையும் கழியின் உப்பையும் கருதி முன்கூட்டியே தவணை முறையில் விடுவது இருசாராருக்கும் ஏற்றது. இடையிலுள்ள ஊர்களுக்கும் அபாயம் குறையும். அதற்கு மலையிலுள்ள மழைமானிகளின் அளவும், பிச்சாட்டூர் நீர்மட்டமும், பழவேற்காட்டு உப்பளவும் ஒரே பதிவேட்டில் நாள்தோறும் எழுதப்படவேண்டும். இரு மாநிலப் பாசனத் துறைகளோடு மீன்துறையினரும் அப்பதிவேட்டைப் பார்க்கவேண்டும். அணை திறக்கும் செய்தி, ஆற்றோர ஊர்களுக்கு அறிவிக்கப்படும் அதே நாளில், வலை கட்டியிருக்கும் பாட்டுக்காரர்களையும் பறியுடன் கழியில் இறங்கும் இருளரையும் எட்டவேண்டும்.