சிலம்பக் களத்தில் ‘சலாம்’ எதற்கு?

அகவை நாற்பதைக் கடந்தபின் கம்பெடுக்கும் தமிழனுக்கு முதற்பகை எதிரே நிற்பவன் அல்லன். அவன் நெஞ்சிலுள்ள நாணமே! விக்கிரவாண்டியிலும் திண்டிவனத்திலும் கரும்பு வெட்டிக் காய்த்த கைகளுக்குக் கம்பு ஒரு சுமையன்று. காலடி வைப்பே புதிது. அதைப் பொறுமையுடன் பயின்றால் வீச்சும் தடுப்பும் பின்னே வரும். சிறுவரோடு ஒரே வரிசையில் நின்று கற்பதில் இழிவு யாதுமில்லை.

இழிவு வேறிடத்தில் இருக்கின்றது! வணக்கம் கூறித் தொடங்கும் முறைக்குச் ‘சலாம் வரிசை’ என்று பெயராம்! மற்போர் ‘குசுத்தி’ ஆயிற்று. மல்லன் ‘பயில்வான்’ ஆனான். அச்சொற்கள் அவற்றுக்குரியோர்க்கு அழகு, நமக்கோ இரவல். ஆமூர் மல்லனைச் சோழன் பெருநற்கிள்ளி வீழ்த்தியதைப் புறநானூறு பாடிய மண்ணில், மாமல்லன் பெயரால் ஓர் ஊரே விளங்கும் நாட்டில், இவ்விரவல் எதற்கு?

யப்பானியரைப் பாருங்கள்! சிகோரோ கானோ 1882-இல் யூடோவை வகுத்தார்; 1964-இல் அது தோக்கியோ ஒலிம்பிக்கில் ஏறியது. 2024-இல் பாரிசிலும் நடுவர் முழு வெற்றியை ‘இப்போன்’ என்றே அறிவித்தார். கலையோடு மொழியும் உலகை வலம் வந்தது!

2024 சனவரியில் தமிழ்நாட்டில் நடந்த ‘கேலோ இந்தியா’ இளைஞர் விளையாட்டுகளில் சிலம்பம் காட்சிப் போட்டியாக இடம்பெற்றது. நாளை அது கடல் கடக்குங்கால் எம்மொழியைச் சுமந்து செல்லும்?

களம் புகும் தமிழரே! ‘வணக்க வரிசை’ என்றே சொல்லிக் கம்பெடுங்கள். நாவில் இரவலை வைத்துக்கொண்டு கையில் கம்பு சுழற்றுவது மறமாகாது!